கடலைத்தோடு மூடிய பள்ளம்

சண்முகா,

நீ பெட்டியைப் பூட்ட வரும்போது கண்ணில் படும்படி இதை மேலாக வைத்துவிட வேண்டும் என்று விடிந்ததிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை நீ ஊட்டிக்குக் கிளம்புகிறாய். அங்கே ஒரு பெரிய மாட்டுப்பண்ணையில் இரண்டு வருஷ வேலை. சாணத்திலும் வைக்கோலிலும் வளர்கிற கிருமிகளின் சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்கிற வேலை. வாயால் சொல்ல வேண்டியதை எதற்காக எழுதுகிறாய் என்று கேட்பாய். வாயால் சொன்னால் பாதியில் நீ குறுக்கே பேசுவாய், எனக்குக் கோபம் வரும், அந்த நேரம் பார்த்து உங்கப்பா டீ கேட்பார். மகளிர் குழுவின் தீர்மானப் புத்தகத்தை இத்தனை வருஷம் எழுதிய கை இது, நாலு பக்கம் எழுதுவதற்கு அலுக்காது. இதை யார் படித்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. ஒளித்து வைத்தால் என்ன ஆகும் என்று பட்டுத் தெரிந்துகொண்டவள் நான்.

போன சித்திரையில் இந்த வேலையை அடியோடு விட்டுவிட்டுத் துபாய்க்கு விமானம் ஏற இருந்தாய். நீ அந்த முடிவுக்கு வந்ததற்குக் காரணம் நான். கடைசியில் நீ ஏறாமல் போனதற்கும் நான்தான் காரணம். முதலாவதை நினைத்தால் இன்னமும் உன் முகத்தைப் பார்க்கக் கூசுகிறது. இரண்டாவதை நினைத்தால் விராலிமலை கடைவீதியில் நின்று கத்த வேண்டும் போல இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகச் சொன்னால்தான் கணக்கு நேராகும்.

மாசி முடிந்த கையோடு திருச்சிக் கல்லூரியிலிருந்து ஒரு மூட்டைச் சாமானோடு வந்து இறங்கினாய். ஊருக்கு ஆராய்ச்சி மாணவன், எனக்கு மூன்று வேளையும் சாப்பிடாத பிள்ளை. பையைக்கூடக் கீழே வைக்காமல், "அம்மா, நம்ம குப்பைமேட்டை எனக்குக் குடு" என்றாய். நான் ஏதோ நகையைக் கேட்கிறாயோ என்று பார்த்தேன். குப்பைமேடு என்றால் நம் வீட்டில் என்னுடைய ராஜ்ஜியம். தொழுவத்தைக் கூட்டி அள்ளுவது, சாணத்தைக் கொட்டுவது, மாடு தின்று மிச்சம் வைத்த வைக்கோலைப் போடுவது எல்லாம் நான். உங்கப்பா அந்தப் பக்கம் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் போவார். அதை எதற்குக் கேட்கிறாய் என்றதற்கு, "கரண்டு எடுக்கம்மா" என்றாய். நான் சிரித்த சிரிப்பில் கட்டியிருந்த மாடு மிரண்டது.

நீ கோபப்படவில்லை. உட்கார வைத்துச் சொன்னாய். "கல்யாண மண்டபத்துல ஃபேன் நின்னுபோனா எப்படி வேகுது? அத்தனை ஆளு உடம்புச் சூடும்மா அது. குப்பைக்குள்ள கண்ணுக்குத் தெரியாத கிருமிக இருக்கு. திங்கும், பெருகும், கோடிக்கணக்குல கூடும். அந்தச் சூடு வீணாத்தானே போகுது?" கல்லூரியில் பிளாஸ்க்கில் கிருமியை வளர்த்து அந்தச் சூட்டை அளந்ததாகச் சொன்னாய். காபி ஊற்றி வைக்கிற பிளாஸ்க்கைப் போலத்தானாம், உள்ளே இருப்பது மட்டும் வேறு. பிறகு பையிலிருந்து தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு வெள்ளைத் தகட்டை எடுத்தாய். இரண்டு வயர் தொங்கியது. ஒரு முகத்தில் சூடு, மறு முகத்தில் குளிர்ச்சி, அந்த வித்தியாசம் இருக்கும்வரை வயரில் கரண்டு வரும் என்றாய். என் கையில் சுடுகாபி டம்ளரையும் செம்புத் தண்ணீரையும் கொடுத்து, நடுவில் தகட்டை வைத்து அழுத்தச் சொன்னாய். வயரின் முனையில் ஒரு கடுகு பல்பு மினுக் மினுக்கென்றது. எனக்கு வாயடைத்துப் போனது. வாயை அடைப்பதற்கு நான் எவ்வளவு சிரமமான ஆள் என்று உனக்கே தெரியும்.

அன்றைக்கு உன்னிடம் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். அந்தப் பல்பைப் பார்த்தபோது எனக்கு உன் எட்டாம் வகுப்பு ஞாபகம் வந்தது. துணை சுகாதார நிலையத்து நர்ஸம்மாவிடம் கெஞ்சி தெர்மாமீட்டர் வாங்கிவந்து, புளித்துக்கொண்டிருந்த இட்லி மாவில் செருகி வைத்திருந்தாயே. "மாவுக்குக் காய்ச்சல் அடிக்குதான்னு பாக்குறேம்மா" என்றாய். கண்ணாடி உடைந்து மாவில் கலந்திருக்குமோ என்ற பயத்தில் ஒரு அண்டா மாவையும் மாட்டுக்குத் தண்ணி காட்டுகிற தொட்டியில் கூட ஊற்றாமல் தெருவில் கொட்டினேன். கரண்டியால் உன்னை அடித்தேன். ஒரு வாரம் நீ இட்லியைத் தொடவில்லை. நீ கேட்டது சரியான கேள்வி என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரியாததற்கு அடித்தேன் என்பதுதான் தப்பு. நாளைக்கு உனக்கொரு பிள்ளை பிறந்து எதையாவது எதிலாவது செருகினால், முதலில் என்ன பார்க்கிறாய் என்று கேள். அடிப்பதென்றால் அப்புறம் அடித்துக்கொள்ளலாம்.

உங்கப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. பதினெட்டு வருஷம் துபாயில் எலக்ட்ரீஷியனாக இருந்துவிட்டு வந்த மனுஷன். "பொழப்பு பூரா கரண்டுலயே கெடந்தவன்டா நானு. எம் மகன் சாணியில வயரச் சொருகிக்கிட்டு நிக்கிறான்னா எவனாச்சும் என்னைய மதிப்பானா?" என்றார். அவர் வேலை பார்த்த கம்பெனியிலேயே உனக்கு இடம் சொல்லி வைத்திருந்தார். கடைசியில் நீங்கள் இரண்டு பேரும் ஒரு உடன்பாட்டுக்கு வந்தீர்கள். சித்திரைக் கடைசியில் மூன்று பேராசிரியர்கள் உன் வேலையைப் பார்க்க வருவார்கள். அவர்கள் வரும்போது குப்பைமேட்டு விளக்கு எரிந்துகொண்டிருந்தால் ஆராய்ச்சி தொடரும், உதவித்தொகையும் வரும். எரியாவிட்டால் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு துபாய். நீ சிரித்துக்கொண்டே சரி என்றாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்கப்பா இல்லாத பதினெட்டு வருஷத்தை நான் போனில் குடித்தனம் நடத்திக் கழித்தவள். உன்னையும் அப்படிப் போனுக்குள் வைத்துப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

பங்குனியில் நாம் இரண்டு பேரும்தான் மேட்டைப் புதிதாகக் கட்டினோம். சாணம், வைக்கோல், தழை, மறுபடி சாணம் என்று அடுக்கி, வெளியே சாணமும் மண்ணும் குழைத்துப் பூசினோம். நடுவில் ஒரு அலுமினியத் தண்டைச் செருகி, வெளியே நீட்டிய முனையில் தகட்டைப் பொருத்தினாய். தகட்டின் மறுபக்கம் ஈரமண்பானை. ஐந்தாம் நாள் விளக்கு எரிந்தது. கடுகு பல்பு இல்லை, தொழுவத்தில் மாட்டின் முகம் தெரிகிற அளவுக்கு ஒரு விளக்கு. நான் ஓடிப்போய்ப் பக்கத்து வீடுகளில் எல்லாம் சொல்லிவிட்டேன். 'நம்ம சாணிய இதுவரைக்கும் சும்மாவே கொட்டிக்கிட்டு இருந்திருக்கோம்டி' என்றேன்.

அந்த வாரத்தில்தான் நீ பேச்சோடு பேச்சாக ஒன்றைச் சொன்னாய். ஈர வைக்கோலை அடைத்துப் போர் போட்டால் இதே கிருமிகளின் சூடு உள்ளேயே தங்கி, ஏறி ஏறி, சில சமயம் தானாகவே தீப்பிடிக்கும் என்றாய். நான் கையிலிருந்த கூடையை அப்படியே கீழே வைத்துவிட்டேன். நீ கைப்பிள்ளையாக இருந்தபோது நம் வைக்கோல்போர் எரிந்ததே, அதற்கு முதல் வாரம் மழையில் நனைந்த வைக்கோல் அது. உங்கப்பா துபாயில். வரப்புத் தகராறில் உன் சித்தியோடு எனக்கு அப்போதுதான் வாய்ச்சண்டை முடிந்திருந்தது. தீ வைத்தது அவள்தான் என்று நடுத்தெருவில் நின்று சொன்னேன். அவள் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தாள். நான் நம்பவில்லை. அன்றிலிருந்து ஒரே சுவரின் இரண்டு பக்கம் இருந்துகொண்டு பேச்சுவார்த்தை இல்லாமல் இத்தனை காலம். நீ சொன்ன மறுநாள் காலையில் சித்தி வீட்டு வாசலில் போய் நின்றேன். "போரு தானா எரிஞ்சிருக்குடி. ஒம் மேல பழி போட்டுட்டேன்" என்றேன். "இதைச் சொல்ல ஒம் மகன் பெரிய படிப்புப் படிக்க வேண்டியிருந்துச்சாக்கும்" என்றாள். பிறகு உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தாள். ஒருத்தி மேல் வீண்பழி கிடந்தால் அது என்ன கனம் கனக்கும் என்று அந்த மோரைக் குடிக்கும்போதுதான் தெரிந்தது.

இவ்வளவு தெரிந்தவள்தான் அடுத்த மாதமே அந்தத் தப்பைச் செய்தேன்.

சித்திரையில் நல்லேர் பூட்டுவது உனக்குத் தெரியும். வருஷத்தின் முதல் உழவு. இப்போது மாடு பாதி, டிராக்டர் பாதி என்றாலும் முறை முறைதான். அவரவர் வீட்டுக் குப்பையிலிருந்து ஒரு கூடை எருவைத் தலையில் சுமந்துபோய் நிலத்தில் போட்டால்தான் ஏர் நகரும். இரவல் எரு ஆகாது. வீட்டுப் பெண்பிள்ளைதான் எடுக்க வேண்டும், அதையும் ஈசானி மூலையில்தான் எடுக்க வேண்டும். நீ அலுமினியத் தண்டைச் செருகியிருந்ததும் அதே வடகிழக்கு மூலையில். 'யாரும் மேட்டைத் தொடக் கூடாது' என்று தலைபாடாய் அடித்துக்கொண்டு சொல்லிவிட்டு நீ இரண்டு நாள் வேலையாகத் திருச்சிக்குப் போயிருந்தாய். போகிற அன்று ஏதோ முணுமுணுத்தாய். நாலு நாளாய்ச் சூடு கொஞ்சம் கொஞ்சமாய் இறங்குகிறது, காரணம் தெரியவில்லை என்று. நான் காதில் வாங்கவில்லை.

நல்லேர் அன்று காலை நான் கூடையோடு மேட்டுக்கு முன்னால் நின்றேன். உன் பேச்சு ஒரு பக்கம், ஊர் முறை ஒரு பக்கம். வெளியே டிராக்டர் ஹாரன் அடிக்கிறது. ஒரே ஒரு கூடைதானே, ஓரமாய் எடுத்தால் என்ன ஆகிவிடும் என்று மண்வெட்டியை வைத்தேன். பூச்சு பிளந்தது. அழுகின முட்டை நாற்றம் குப்பென்று அடித்தது. உள்ளே எல்லாம் கறுப்பாய், சொதசொதவென்று களிமண் மாதிரி இறுகிக் கிடந்தது. நான் ஒரு கூடை எடுத்ததும் மேலே இருந்தது மடமடவென்று சரிந்து, தண்டு சாய்ந்து, தகடு கழன்று, பானை உருண்டு, விளக்கு அணைந்துபோனது. ஒரு ஆள் உட்காருகிற அளவுக்குப் பள்ளம்.

கூடையைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு ஓட்டமாய்த் திரும்பி வந்தேன். பள்ளத்தை மூட வேண்டும், நீ பார்க்கக் கூடாது, அது மட்டும்தான் மண்டையில் ஓடியது. எடுத்த எரு வயலுக்குப் போய்விட்டது. தொழுவத்தில் அடுப்பெரிக்க என்று கடலைத்தோடு ஒரு சாக்கு இருந்தது. அதை அப்படியே கொட்டி, சரிந்துகிடந்த சாணத்தோடு மண்வெட்டியால் புரட்டிப் புரட்டிக் கலந்து அடைத்தேன். தண்டைப் பழையபடி செருகி, தகட்டை வைத்துக் கட்டி, மேலே சாணமும் மண்ணும் பூசி, தண்ணீர் தெளித்து மெழுகினேன். கையைக் கழுவிக்கொண்டு வந்து அடுப்பைப் பற்றவைத்தேன். விளக்கு மட்டும் எரியவில்லை.

நீ மறுநாள் வந்தாய். விளக்கைப் பார்த்தாய். தகட்டைத் தொட்டாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேனோ என்னவோ. நீ கேட்கவில்லை, அம்மா மேல் அவ்வளவு நம்பிக்கை. தகட்டையும் தெர்மாமீட்டரையும் கழற்றிக்கொண்டு வந்து கட்டிலில் பரப்பி வைத்துக்கொண்டு, தகடு கெட்டுப்போனதா, உன் கணக்கு தப்பா என்று நோட்டைப் புரட்ட ஆரம்பித்தாய். மூன்று நாள். மேட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தாடி வளர்ந்து, கண் உள்ளே போய், சாப்பிடக் கூப்பிட்டால் 'ம்' என்றாய். நான் தோசை சுட்டுக் கொண்டுவந்து வைத்தேன். ஆறியதை எடுத்துக்கொண்டு போனேன். மறுபடி சுட்டேன். சொல்ல வாய் வரவில்லை. மேட்டைத் திறந்தது ஒரு தப்பென்றால் ஊர் முறை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். அந்த மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு எனக்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

மூன்றாம் நாள் காலையில் நீ உங்கப்பாவிடம் வந்து, "என் கணக்கே தப்புப்பா. விசாவுக்குப் பாஸ்போர்ட்டக் குடுத்துருங்க" என்றாய். உங்கப்பா சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். நான் அடுப்படியில் சட்னிக்குத் தேங்காய் சில்லு போட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்குச் சித்தி மேல் பழி போட்டேன், இன்றைக்குப் பிள்ளை தன் படிப்பு மேலேயே பழி போட்டுக்கொள்கிறான், அதை நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன் என்று உறைத்தது. சில்லைப் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

"குப்பையத் தொறந்தது நாந்தான்" என்றேன்.

"என்னது?"

"நல்லேரு அன்னைக்கு. ஈசானி மூலையில ஒரு கூடை எடுத்தேன். சரிஞ்சு உழுந்துருச்சு. தகடெல்லாம் கழண்டு போச்சு. ஒனக்குத் தெரியக் கூடாதுன்னு மூடிப் பூசிட்டேன். ஒங் கணக்கு தப்பில்லடா. நாந்தான் தப்பு."

உன் முகம் சிவந்ததை நான் மறக்க மாட்டேன். "மூணு நாளாப் பைத்தியக்காரன் மாதிரி உக்காந்திருக்கேன், நீ பாட்டுக்குத் தோசை சுட்டுப் போட்டுக்கிட்டு இருந்தியாம்மா?" என்றாய். பெற்ற பிள்ளை கேட்கிற கேள்வியில் அதைவிடக் கூர்மையானது இருக்க முடியாது. எனக்கு அழுகை வர வேண்டும், கோபம் வந்தது. "ஆமாடா, சுட்டுப் போட்டேன். பயந்துக்கிட்டு இருந்தவ வேற என்னத்தச் செய்வா? ஏசுறதுன்னா நல்லா ஏசு. ஆனா பாஸ்போர்ட்டக் குடுத்தே, அப்புறம் இந்த வீட்டுல ஒரு நிமிஷம் நிக்க மாட்டேன்" என்று கத்தினேன். உங்கப்பா நடுவில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

திடீரென்று நீ கத்துவதை நிறுத்தினாய். வேறு ஆள் மாதிரி என்னைப் பார்த்தாய்.

"பள்ளத்துல என்னத்தப் போட்டு மூடுனே?"

"கடலத்தோடு. ஒரு சாக்கு."

"சும்மா கொட்டுனியா, கெளறுனியா?"

"கெளறிப் புரட்டித்தான் போட்டேன். தெரியக் கூடாதுல்ல."

கட்டிலில் கிடந்த தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு ஓடினாய். உங்கப்பா பின்னால், நான் அவருக்குப் பின்னால், அடுப்பில் வைத்த எண்ணெய் புகைந்துகொண்டிருந்தது. நீ பூச்சில் ஓட்டை போட்டுக் கையை உள்ளே விட்டாய், விட்ட வேகத்தில் உதறிக்கொண்டு வெளியே இழுத்தாய். "அம்மா! கை வைக்க முடியலம்மா!" என்று கத்தினாய். தெர்மாமீட்டர் இதுவரைக்கும் காட்டாத எண்ணைக் காட்டியது. அந்த மண்ணிலேயே உட்கார்ந்து சிரித்தாய், பிறகு அழுதாய், பிறகு என் காலைக் கட்டிக்கொண்டாய். "மூச்சு முட்டிக் கெடந்திருக்கும்மா அதுக. காத்தே இல்லாம இறுகிப்போச்சு, அதான் சூடு எறங்கிக்கிட்டே வந்துருக்கு. நீ தொறந்து கெளறி விட்டே. கடலத்தோடு நடுவுல இருந்தா எடைவெளி விழுகுது, காத்து உள்ள போகுது. நான் இங்க தகட்டத் தேச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், அதுக பாட்டுக்கு மூணு நாளாத் தின்னு பெருகிக்கிட்டு இருந்துருக்கு." எனக்குப் பாதிதான் புரிந்தது. பிள்ளை சிரிக்கிறான் என்பது முழுசாகப் புரிந்தது.

தகட்டைப் பொருத்தியதும் விளக்கு எரிந்தது. இன்னொரு தகட்டையும் சேர்த்தாய், இரண்டாவது விளக்கும் எரிந்தது. உங்கப்பா வீட்டுக்குள் போனார். துபாயிலிருந்து வந்த நாளாய் அவர் திறக்காத பெட்டியைத் திறந்து, மின்சாரம் பார்க்கிற மீட்டரை எடுத்துக்கொண்டு வந்தார். இரண்டு முனையையும் வயரில் வைத்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தார். "கரண்டுதான்டா" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்கு நீ இரண்டு மாதமாய்க் காத்திருந்தாய். அவர் அதற்கப்புறம் உன் தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றார், எடுக்கவே இல்லை. அவரும் உன்னைத் துபாய்க்கு அனுப்ப ஆசைப்படவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வேறு வழி தெரியாத மனுஷன் தனக்குத் தெரிந்த வழியைக் காட்டியிருக்கிறார். இதை நீ ஊட்டிக்குப் போன பிறகும் ஞாபகம் வைத்துக்கொள். வாரத்துக்கு ஒரு தடவையாவது என்னிடம் பேசி முடித்த பிறகு போனை அவரிடம் கொடுக்கச் சொல்.

பேராசிரியர்கள் மூன்று பேரும் வந்த அன்று ஊரே நம் தொழுவத்துக்குள் இருந்தது. வேலி மேல் இரண்டு மயில் வேறு. பட்டப்பகலில் விளக்கு தெரிய வேண்டுமே என்று உங்கப்பா தார்ப்பாய் கட்டி இருட்டாக்கியிருந்தார். உள்ளே மூன்று விளக்கு, ஒரு செல்போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. அவர்களில் பெரியவர் மேட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். கூட வந்த கண்ணாடி போட்ட அம்மா உன் நோட்டைப் படித்துவிட்டு, மூன்றாவது வாரத்தில் திறந்து கடலைத்தோடு கலக்கலாம் என்று எப்படித் தோன்றியது என்று கேட்டார். நீ பொய் சொல்லியிருக்கலாம். உன் யோசனை என்று சொல்லியிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? "எங்கம்மாவக் கேளுங்க" என்று என்னைக் கையைக் காட்டினாய்.

அவர் நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு என்னிடம் திரும்பினார். "சொல்லுங்கம்மா. இது உங்க பாரம்பரிய அறிவா?"

நான் இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டேன். "அறிவெல்லாம் ஒண்ணுமில்லீங்க. குப்பையத் தொறக்கக் கூடாதுன்னு மகன் சொல்லியிருந்தான், நான் தொறந்துட்டேன். பள்ளம் உழுந்துருச்சு. அவனுக்குத் தெரியாம மறைக்கத்தான் தோட்டைக் கொட்டுனேன். மூணு நாளு கழிச்சுத்தான் உண்மையச் சொன்னேன். சொன்னதும் அவன் புத்தி வேலை செஞ்சுச்சு. கண்டுபுடிச்சது அவன்தாங்க, நான் களவாணித்தனம் மட்டும்தான் செஞ்சேன்" என்றேன்.

தொழுவமே சிரித்தது. அந்த அம்மா சிரித்துக்கொண்டே நான் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார். பெரியவர் உன்னிடம், "தப்பு நடந்ததையும் மறைக்காம ஆய்வுல எழுதுங்க. அதுதான் இதுல முக்கியமான பக்கம்" என்றார். உதவித்தொகை தொடர்ந்தது. நீ அப்படியே எழுதிய ஆய்வைப் படித்துவிட்டுத்தான் ஊட்டிப் பண்ணையிலிருந்து உன்னைக் கூப்பிட்டார்கள். ஊரறியத் தப்பை ஒத்துக்கொண்டு நான் இவ்வளவு நிமிர்ந்து நடந்ததே கிடையாது. அதற்கப்புறம் ஒரு வாரம் கடைக்குப் போனாலும் பஸ்ஸில் ஏறினாலும், 'கரண்டுக்காரம்மா' என்றுதான் கூப்பிட்டார்கள். கூப்பிடட்டுமே என்று இன்னும் இரண்டு தடவை அதே கடைக்குப் போய்வந்தேன்.

ஒரு பல்புதானே என்று சொல்கிறவர்கள் உனக்கு அங்கேயும் வருவார்கள். இங்கேயும் வந்தார்கள். 'ஸ்விட்சைத் தட்டினால் வருகிற கரண்டுக்கு இவ்வளவு பாடா' என்று கேட்டார்கள். நீ அவர்களோடு மல்லுக்கு நிற்காதே. புயல் வந்து கம்பம் சாய்ந்து வாரக்கணக்கில் இருட்டில் கிடந்த ஜில்லாக்காரர்கள் நாம். ஒரு விளக்கின் அருமையை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சின்னதைச் சின்னது என்றே சொல், பெருக்கிச் சொல்லாதே. ஆனால் வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லாதே. குளிர் ஊரில் தகட்டின் ஒரு பக்கம் தானாகவே ஜில்லென்று இருக்கும், கரண்டு கூடுதலாக வரும் என்று நீயே சொன்னாய். தகடு குளிரலாம், உனக்கு ஸ்வெட்டர் வேண்டும். பெட்டியில் அடியில் வைத்திருக்கிறேன்.

அங்கே உன்னோடு வேலை செய்கிறவர்கள் தப்புச் செய்வார்கள். சாணி அள்ளுகிறவர் எதையாவது திறப்பார், எதையாவது கொட்டுவார். கத்தாதே என்று சொல்ல மாட்டேன், நீ என் பிள்ளை, கத்துவாய். கத்தி முடித்ததும் என்ன போட்டீர்கள், எப்படிப் போட்டீர்கள் என்று கேட்க மறக்காதே. என் மேல் கோபம் உச்சிக்கு ஏறியிருந்த நேரத்தில் நீ அந்தக் கேள்வியைக் கேட்டாயே, அந்த நொடியில் நான் பட்ட பெருமை நீ முதல் மார்க் வாங்கினபோதுகூடப் பட்டதில்லை. நீ தப்புச் செய்தாலும் அன்றைக்கே சொல்லிவிடு. என்னைப் போல் மூன்று நாள் ஆறவிடாதே. குப்பை எனக்காகச் சூடேறியது, எல்லா நேரமும் அப்படி ஏறாது.

கடைசியாக ஒன்று. நீ போன வாரம் திருச்சிக்கு வழியனுப்பு விழாவுக்குப் போயிருந்தபோது நம் குழுவில் மற்ற வீடுகளிலும் மேடு கட்டுவதென்று ஒரு தீர்மானம் போட்டோம். ஏழு பேர் வீட்டில் மேடு கட்டியாகிவிட்டது. தோடு கலந்து, காற்றுப் போக மூங்கில் குழாய் செருகி, எல்லாம் உன் நோட்டைப் பார்த்து உங்கப்பா நின்று செய்தது. தண்டு கிடைத்தது, பானை கிடைத்தது, தகடு மட்டும் இல்லை. ஊட்டிக்குக் கொண்டுபோக என்று நீ அட்டைப்பெட்டியில் பஞ்சு வைத்து அடுக்கியிருந்ததில் ஏழு எடுத்துவிட்டேன். கேட்டால் 'பண்ணைக்குக் கணக்குச் சொல்ல வேண்டும், பொறும்மா' என்பாய், அதனால் கேட்கவில்லை. அங்கே போய் எண்ணிப் பார்த்துவிட்டு பஸ்காரனையோ ரூம்காரனையோ சந்தேகப்படாதே, இதோ இன்றைக்கே சொல்லிவிட்டேன். இதைப் படித்ததும் கோபம் வரும். தாராளமாய்க் கத்து. கத்தி முடித்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு சுவரின் அந்தப் பக்கம் போய்ப் பார். சித்தி வீட்டுத் தொழுவத்தில் நேற்று சாயங்காலத்திலிருந்து விளக்கு எரிகிறது.

அம்மா